ஏழாம் நம்பர் லென்சின் குவியத் தூரம்

அந்தக் காலேஜில் ஏழாம் நம்பர் லென்சின் குவியத் தூரம் இருபது சென்டிமீட்டர். இது லென்சுக்குத் தெரியாது. ரிஜிஸ்தருக்குத் தெரியும்.

பச்சை அட்டை போட்ட ரிஜிஸ்தர் அது. பன்னிரண்டு லென்சுகளின் ஜாதகமும் அதில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பௌதிகத் துறைத்தலைவர் ரத்தினசாமி தன் கையெழுத்தால் ஒப்புப் போட்டிருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிறவர்கள் தோட்டம் துரவை விட்டுக்கொடுத்துக் கட்டிய காலேஜ். ரத்தினசாமியும் தோட்டக்காரக் குடும்பம்தான். ஆனாலும் தென்னையைப் பற்றிப் பேசமாட்டார். ஒளியைப் பற்றித்தான் பேசுவார். ஒளி தன் சொல்லைக் கேட்டு நடப்பதாக அவருக்கு ஒரு எண்ணம்.

செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயந்திரம் லேப் அட்டெண்டர் சின்னையன் வராந்தாத் தூணில் சாய்ந்து ஒரு பீடி பற்ற வைப்பார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அவரைக் கடந்து போவார்கள். அவர் யாரையும் பார்க்காமல் புகையைப் பார்த்து, ஒண்ணு பதினஞ்சு, ரெண்டு பன்னெண்டு, என்று ஆரம்பித்து, ஏழு இருபது வரைக்கும் வந்து, மேலே பன்னிரண்டு வரைக்கும் போவார். புகையிடம் சொன்னதால் அது ரகசியத்தை வெளியிட்ட குற்றத்தில் வராது. மறுநாள் பிள்ளைகள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து கணக்கைப் பின்பக்கமாக நடத்தி, அளவுகளில் வந்து சேர்வார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டிய அவசியமே வராது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கின மெழுகுவர்த்திப் பெட்டி, கடைக்காரன் ஒட்டின காகிதம் கிழியாமல், அலமாரியில் கல்யாணமாகாமல் இருந்தது.

எழுபத்தேழாம் வருஷம் மார்ச் மாதம் அந்தக் காகிதத்தைக் கிழித்தவள் சுருளியம்மாள்.

அவளுக்கு ஊர் சூரியநெல்லி. அம்மா சாந்தம்மாள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து பார்க்கப் போனவள், திரும்பி வரும்போது மூணாறுக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவில் பஸ் நின்றுபோய், பரீட்சை அன்று காலையில்தான் காலேஜுக்கு வந்து சேர்ந்தாள். புகை சொன்னதைக் கேட்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால், பாவம், பாடத்தில் சொன்னபடி செய்தாள்.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். லென்சுக்கு முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்தாள். லென்சுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பதினைந்தில் சுடரின் படம் தலைகீழாக, ஊசி முனை மாதிரி தெளிவாக விழுந்தது. மெழுகுவர்த்தியை இருபதில் வைத்தாள். படம் இருபதில் விழுந்தது. பதினைந்தில் வைத்தாள், முப்பதில் விழுந்தது. முப்பதில் ஒரு பங்கையும் பதினைந்தில் ஒரு பங்கையும் கூட்டினால் பத்தில் ஒரு பங்கு. எப்படிப் போட்டாலும் பத்து. ஆக இந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பத்து சென்டிமீட்டரில் ஒரு புள்ளியாகக் கூட்டுகிறது, அதுதான் இதன் குவியத் தூரம், என்று முத்து முத்தாக எழுதி வைத்தாள்.

வெளியிலிருந்து பரீட்சை வைக்க வந்திருந்தவர் அமிர்தநாதன். வேறொரு காலேஜில் வாத்தியார். ஆனால் இதே காலேஜில், இதே லேபில், அறுபத்தொன்பதில் படித்துப் பாஸானவர். தாளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சுருளியம்மாள் தன் சேலையில்தான் தீப்பிடித்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள்.

"பத்தா? ஏழாம் நம்பர் இருபதாச்சே."

"மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன் சார். இந்தா பாருங்க, படம் எப்படி விழுகுதுன்னு."

"எனக்குப் படம் காட்டாதம்மா. நான் படம் பார்க்க வரல, பரீட்சை வைக்க வந்திருக்கேன். முப்பதுல வச்சா அறுபதுல விழணும்."

அறுபதில் காகிதத்தை வைத்துக் காட்டினாள். மஞ்சளாக ஒரு கறைதான் தெரிந்தது.

அமிர்தநாதன் அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். விழுகிறது, உனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை, என்றார். இந்த ஏழாம் நம்பரில்தான் தானும் பரீட்சை எழுதியதாகவும், மூன்று தடவையும் இருபது, புள்ளி சுன்னம் சுன்னம் என்று வந்ததாகவும், அந்தத் தாளை இன்றைக்கும் ரத்தினசாமி சார் வகுப்பில் எடுத்துக் காட்டுவதாகவும் சொன்னார். ஐம்பதுக்கு எட்டு போட்டார். 'அனாவசியமாகப் பரிசோதனை செய்கிறார்' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார்.

மே மாதம் முடிவு வந்தது. எல்லாவற்றிலும் பாஸ், பௌதிகச் செய்முறையில் மட்டும் ஃபெயில்.

சூரியநெல்லியில் இந்த எட்டு மார்க்குக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிட வேண்டும். சாந்தம்மாளுக்கு வேலை வயசு முடிகிறது. வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவர்களுக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். எஸ்டேட் ஸ்கூலில் ஒரு டீச்சர் இடம் இருந்தது. காலேஜில் பிரிடிகிரிப் படிப்பு பாஸ் என்று காகிதம் கொண்டுவந்தால் ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த இடம் சுருளியம்மாளுக்கு, இல்லாவிட்டால் அம்மாவின் கூடை அவளுக்கு, என்று மானேஜர் சொல்லிவிட்டார். சாந்தம்மாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். "சாக்பீஸா கூடையான்னு நீயே கேட்டுட்டு வாடி. பத்துன்னா பத்துன்னு சொல்றதுக்கு அம்புட்டுப் பெரிய காலேஜுல ஒருத்தருமா இல்ல?" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

காலேஜில் அபேக்ஷை, அதாவது மனு, கொடுக்க வேண்டும் என்றார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தாள். அபேக்ஷை இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று திருப்பினார்கள். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். சம்பந்தப்பட்ட லென்சின் சம்மதம் தேவையா என்று ஆபீஸ் ஒரு நாள் யோசித்தது. தேவையில்லை என்று முடிவானதும் அவளை ரத்தினசாமியிடம் அனுப்பினார்கள்.

ரத்தினசாமிக்கு முந்தின வருஷம்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். சோடாப் பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அதற்குள்ளே கண் இரண்டும் பெரிய பெரியதாக நீந்திக்கொண்டிருந்தன. தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏனம்மிணி, பரீட்சை என்னைக்கு நடந்துச்சுங்க?"

வியாழக்கிழமை என்றாள்.

"வியாழக்கிழமைன்னா முப்பதுக்கு முன்னால மைனஸ் எங்கீங்க?"

இது அந்தத் துறைக்கே உரிய ஆசாரம். பழைய பாடப்புத்தகத்தில், நிஜமாக இருக்கிற பொருளுக்கும் படத்துக்கும் தூரம் பிளஸ். புதிய புத்தகத்தில், வெளிச்சம் போகிற திசைக்கு எதிராக அளந்தால் மைனஸ். ஆகவே மெழுகுவர்த்தியின் தூரம் மைனஸ். பழைய புத்தகம் ரத்தினசாமி படித்தது. புதிய புத்தகம் யுனிவர்சிட்டி வைத்தது. இரண்டையும் பகைத்துக்கொள்ள முடியாமல் துறை கூடிப் பேசி, திங்கள், புதன், வெள்ளி பழைய முறை என்றும், செவ்வாய், வியாழன் புதிய முறை என்றும் வைத்திருந்தது. சனிக்கிழமை அரை நாள் என்பதால் குறியே கிடையாது.

"புது முறையில போட்டாலும், ரெண்டு மைனஸ் சேந்து பிளஸ் ஆகி அதே பத்துதானய்யா வருது?"

"வருதுங்க, யாரு இல்லீன்னது? ஆனா மரியாதையா வரோணுமில்லீங்க அம்மிணி? கொல்லப்புறமா வந்த பத்து அது. அதுவும் இருபதா இருந்திருந்தா பாத்தும் பாக்காம உட்டிருப்பனுங்க."

அவள் நகரவில்லை. ஒரே ஒரு தடவை லென்சை வைத்துப் பாருங்கள் என்றாள். மறுநாளும் வந்து அதையே சொன்னாள். மூன்றாம் நாள், இவளை அனுப்புவதற்கு வேறு வழி தெரியாமல், குவியத் தூர விசாரணைக் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். தலைவர், காலேஜ் செக்ரட்டரி குப்பண்ணன். காலேஜுக்கு நிலம் கொடுத்தவர். உறுப்பினர் ரத்தினசாமி. குற்றம் சாட்டப்பட்டவரே நியாயம் சொல்ல ஏற்றவர் என்று அமிர்தநாதனையும் சேர்த்தார்கள். மே மாதம் இருபத்தாறாம் தேதி கூட்டம். அதுவும் வியாழக்கிழமை.

அன்று காலையில் சின்னையன் லேபைத் திறந்து, ஜன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். சுருளியம்மாள் மட்டும்தான் வந்திருந்தாள். அவர் லென்சை வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, இது எங்கம்மாளோடது," என்றார்.

என்ன சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அறுபத்தேழில் ஏழாம் நம்பர் அவர் கை தவறி விழுந்து நொறுங்கிப் போனது. சொன்னால் வேலை போகும். அவர் அம்மா, பெரியம்மாள் என்று பேர், கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, வட்டக் கண்ணாடி போட்டிருந்தவள், அப்போதுதான் தவறிப் போயிருந்தாள். அந்தக் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றி ஏழாம் நம்பர் வளையத்தில் மாட்டிவிட்டார். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முதல் வருஷம் முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. பரீட்சை நடந்தது. எல்லோருக்கும் இருபது வந்தது. அடுத்த வருஷமும் இருபது. அறுபத்தொன்பதில் ஒரு பையனுக்குப் புள்ளி சுன்னம் சுன்னத்தோடு வந்தபோது, ஒருவேளை அம்மா கண்ணாடியும் இருபதுதானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

"பத்து வருசத்துல இதுக்குள்ளார பாத்தது நீ ஒருத்திதான் கண்ணு."

"அப்ப இத அவங்க கிட்டச் சொல்லுங்கண்ணே."

"பென்சனுக்கு ரெண்டு வருசந்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு அவர் மெழுகுவர்த்தியை எடுக்கப் போனார். அவளால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அவருக்கு ரெண்டு வருஷம், தனக்கு ஆறு நாள், என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கமிட்டி வந்து உட்கார்ந்தது. குப்பண்ணன் ஆள் தாட்டி, கனத்த உடம்பு. இருட்டில் தடவி ஒரு நாற்காலியில் அமர்ந்தார். நறுக்கென்று ஒரு சத்தம். ரத்தினசாமி முகம் துடைக்கக் கழற்றி வைத்த கண்ணாடி அந்த நாற்காலியில்தான் இருந்தது. நாற்காலி பழசு என்று குப்பண்ணன் சொன்னார். ஆமாங்க, ரொம்பப் பழசுங்க, என்றார் ரத்தினசாமி, இனிக் காதில் மாட்ட முடியாத ஒரு கம்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு.

சுருளியம்மாள் மெழுகுவர்த்தியை முப்பதில் வைத்தாள். காகிதத்தைப் பதினைந்தில் நிறுத்தினாள். சுடர் தலைகீழாகத் தொங்கியது. குப்பண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அட, நம்மூட்டு விளக்கையும் இப்படிக் கவுத்துக் காட்டுமா என்று விசாரித்தார். பிறகு தலைவர் என்ற ஞாபகம் வந்து தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோணும். எனக்குப் பௌதிகம் தெரியாதுங்க, ஆனா அளவு தெரியும். எங்க கெழக்காலத் தோட்டம் பத்திரத்துல இருபது ஏக்கரு. சங்கிலி போட்டு அளந்தா பதினெட்டு வருது. அதுக்காகப் பத்திரத்தக் கிழிச்சுப் போடறதா? பத்திரம் சொல்றதுதானுங்க நெலம். அந்த ரெண்டு ஏக்கரு எங்கயோ இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியலீன்னு வெச்சுக்கிட்டு நாலு தலமொறையா நிம்மதியா இருக்கறம்."

பத்திரத்துக்கும் ரிஜிஸ்தருக்கும் வித்தியாசம் இல்லை என்று அமிர்தநாதன் ஆமோதித்தார். இந்த லென்ஸ் பத்து என்று வைத்துக்கொண்டால், இத்தனை வருஷமாகப் பாஸானவர்கள் எல்லாரும் என்ன ஆவது என்று கேட்டார். அவர்களில் எட்டுப் பேர் இன்று வாத்தியார்கள். ஒருத்தர் பாடப்புத்தகமே எழுதிக்கொண்டிருக்கிறார். "ஒரு பெண்ணுக்குப் பத்து வரணுங்கறதுக்காக இத்தனை பேரும் முட்டாளாக முடியுமா?" என்று அவர் கேட்டதற்கு, முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

தீர்மானம் எழுதினார்கள். முதல் மூன்றும் கமிட்டி தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டவை. நாலாவது தீர்மானம்: 'ஏழாம் நம்பர் லென்சின் குவியத் தூரம் இருபது சென்டிமீட்டராக இருந்தது, இருக்கிறது, இனியும் இருக்கும்.' ரத்தினசாமி ஒப்புப் போட வேண்டும். பேனாவை எடுத்தவர் காகிதத்தை மோந்து பார்த்தார்; ஒன்றும் தெரியவில்லை. படிக்காமல் ஒப்புப் போடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்றார்.

அப்போதுதான் சின்னையன் அதைச் செய்தார். பயந்து செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கே தெரியாது. வளையத்திலிருந்து ஏழாம் நம்பரைக் கழற்றி, துடைத்து, இதை வச்சுப் பாருங்க சாமி, என்று கையில் கொடுத்தார்.

ரத்தினசாமி அதை வலது கண்ணில் ஒட்டி வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே இல்லை என்பதுபோல முகம் மலர்ந்தது. "அட, என்ற கண்ணாடியாட்டவே இருக்குதுங்களே," என்று சொல்லிவிட்டு, இருந்தது, இருக்கிறது, இனியும் இருக்கும், என்று உரக்கப் படித்தார்.

சுருளியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அய்யா, உங்க கண்ணாடிக்கு எத்தன பவருங்க?"

"பிளஸ் பத்துங்க. ஆஸ்பத்திரிச் சீட்டே பைல இருக்குது. எதுக்குங்க?"

"நூறைப் பவரால வகுத்தா குவியத் தூரம்னு நீங்கதானய்யா வகுப்புல சொன்னீங்க."

அமிர்தநாதன் இருமினார். குப்பண்ணன் பௌதிகம் தெரியாதவர், வகுத்தல் தெரிந்தவர். விரலை மடக்கினார்.

"பத்தாலயா? நூறைப் பத்தால வகுத்தா பத்து வருதேங்க புரபசர்?"

ரத்தினசாமி லென்சைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அதன் வழியாகவே, பெரிதாகிப்போன ஒற்றைக் கண்ணால், எல்லோரையும் பார்த்தார்.

"அது ஆஸ்பத்திரிக் கணக்குங்க. சீக்காளிக்குச் சொல்றது. கண்ணுல வெச்சாப் பத்து, ஸ்டாண்டுல வெச்சா இருபது. இதுல என்ன கொழப்பம் உங்களுக்கு?"

எந்தக் குழப்பமும் இல்லை என்று குப்பண்ணன் சொன்னார். இப்படி விளக்கமாகச் சொல்ல ஆள் இருப்பதால்தான் காலேஜ் நடக்கிறது என்றார். ரத்தினசாமி ஏழாம் நம்பரின் உதவியால் ஏழாம் நம்பருக்கு இருபது என்று ஒப்புப் போட்டார். கோணல் இல்லாமல் அழகாக விழுந்தது ஒப்பு.

பிறகு அவளிடம் கருணை காட்டினார்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உண்மையான விடையை எழுது, இன்றைக்கே பாஸ் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அவள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்து வைத்த கூடை நினைவுக்கு வந்தது. அறுபதில் விழுந்த மஞ்சள் கறை நினைவுக்கு வந்தது. சின்னையன் ஜன்னல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து எழுதினாள்:

'குவியத் தூரம் = 20 சென்டிமீட்டர், கமிட்டியின் நாலாம் தீர்மானத்தின்படி. லென்சின்படி 10.'

மூன்று பேரையும் நேருக்கு நேராகத் திட்டியாகிவிட்டது, இனி கூடைதான், என்று நிமிர்ந்தாள். ரத்தினசாமி லென்சை வைத்து வாசித்தார். முதல் வரியை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது வரிக்கு அவர் போகவே இல்லை.

"தீர்மானத்தின்படி," என்று ருசித்துச் சொன்னார். "பாத்தீங்களா, ஆதாரம் காட்டி எழுதியிருக்குதுங்க அம்மிணி. முப்பது வருச சர்வீசுல ஒருத்தனும் இப்படி எழுதினதில்லீங்க. இப்பத்தான் உங்களுக்குப் பௌதிகம் பிடிபட்டிருக்குது."

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டார். வியாழக்கிழமையன்று மைனஸ் போடாததற்காக இரண்டு குறைத்தார். லென்சைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுக் கண்ணாடி வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்றார்.

ஜூன் ஒன்றாம் தேதி சுருளியம்மாள் எஸ்டேட் ஸ்கூலில் சேர்ந்தாள். லயத்து வீடு நிலைத்தது. சாந்தம்மாள் மட்டும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள், பத்துன்னு ஒத்துக்கிட்டாகளா இல்லையாடி என்று. என்ன சொல்வாள் இவள்? நாற்பத்தெட்டு என்றாள்.

அடுத்த ஏப்ரலில் சின்னையனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தாம் சௌக்கியம் என்று எழுதியிருந்தார். புரபசருக்குப் புதுக் கண்ணாடி வந்தும் அந்த லென்ஸ் பையிலிருந்து இறங்கவில்லையாம். கேட்க யாருக்குத் தைரியம். ஏழாம் நம்பர் ஸ்டாண்டில் இப்போது வெறும் வளையம்தான் நிற்கிறது. இந்த மார்ச்சில் ஒன்பது பிள்ளைகள் அந்த வளையத்தில் பரீட்சை செய்தார்கள். ஒன்பது பேருக்கும் இருபது. தீர்மானத்தின்படி என்று எழுதாத ஒருத்தனுக்கு மட்டும் இரண்டு மார்க் குறைத்தார்கள்.

கார்டின் ஓரத்தில் இடமில்லாமல் நுணுக்கி எழுதியிருந்தார்: 'நீ கிழிச்ச மெழுகுவர்த்திப் பெட்டிக் காகிதத்தக் கஞ்சிப்பசை போட்டு ஒட்டிட்டனுங் கண்ணு. கிழிஞ்சதே தெரியலீங்.'